குட்டி யானையின் கணக்கு

2005இல் ‘குட்டி யானை’ எனப்படும் டாடா ஏஸ் சரக்கு வண்டி வந்தபோது அதில் மெச்சிக்கொள்ள எதுவுமில்லை: இரண்டு சிலிண்டர், 702 சிசி டீசல் இன்ஜின், வெறும் 16 குதிரைத்திறன், ஏசி கிடையாது. ஆனால் விலை சுமார் இரண்டேகால் லட்சம். அதுவரை சில்லறைச் சரக்குக்கு மூன்று சக்கர லோடு ஆட்டோ, இல்லையென்றால் மார்க்கெட் சந்தில் திரும்பவே முடியாத லாரி. நடுவிலிருந்த இடத்தைக் குட்டி யானை பிடித்தது. கூலிக்கு ஓட்டியவர்கள் பலர் தவணையில் ஓனரானார்கள். சிக்கலில்லாத இன்ஜின் என்பதால் தெருமுனை மெக்கானிக்கே போதும்.

பாதுகாப்பைக் குறைத்துத்தானே விலையைக் குறைத்தார்கள் என்று கேட்கலாம். நியாயம்தான், முக்கால் டன் வண்டியில் அதற்கு மேல் ஏற்றுவதும் சகஜம். இருந்தாலும் இதைச் சொகுசு வேனோடு ஒப்பிட்டுப் பயனில்லை. வளைவில் சாயும் மூன்று சக்கரத்தோடு ஒப்பிடுங்கள். பிரேக்குக்குக் கூடுதல் காசு வாங்கட்டும், கொடுக்கலாம். தக்காளிக் கூடை ஏற்றும் வண்டிக்குத் தொடுதிரை எதற்கு?