யானைக்கால் இல்லாத யானைக்கால்: ஒரு வைத்திய வரலாறு



இந்த முறை கொஞ்சம் மருத்துவ வரலாறு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மருத்துவ மாணவன் இல்லை, வரலாறு படிக்கிறவன். அதனால் இதை வைத்திய ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டில் ஒருவர் கேட்ட கேள்விக்குப் பதில் தேடிப் போனபோது படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

கேள்வி கேட்டவர் என் பெரியம்மா. கம்பத்துக்குப் பக்கத்தில் ஊர். திராட்சைத் தோட்ட வேலைக்குப் போவார். சில மாதங்கள் விடியற்காலையில் ஜீப் ஏறி, குமுளி வழியாக ஏலத்தோட்டத்துக்கும் போவார். இடுப்புக்கு மேலே பார்த்தால் ஒல்லியான மனுஷி. கீழே பார்த்தால் வேறு யாருடைய கால்களோ என்று தோன்றும். இரண்டு கால்களும் ஒரே அளவில் தூண் மாதிரி இருக்கும். கணுக்காலில் வளையம் மாட்டியது போல ஒரு மடிப்பு. அதற்குக் கீழே பாதம் மட்டும் சின்னதாக, சாதாரணமாக இருக்கும். கட்டில் முனையில் லேசாக இடித்தாலே நீலமாகக் கன்றிப்போகும். அழுத்தித் தொட்டால் வலிக்கும்.

ஊரில் அதற்கு ஒரே பெயர்தான்: யானைக்கால். கல்யாண வீட்டுப் பந்தியில் அவர் பக்கத்தில் உட்காரத் தயங்கியவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைகூடச் செய்யாமல் மாதக்கணக்கில் யானைக்கால் மாத்திரை கொடுத்தார்கள். இன்னொரு இடத்தில் "சோத்தைக் குறைங்கம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பெரியம்மா ராத்திரிச் சாப்பாட்டையே விட்டார். முகம் ஒட்டிப்போனது. கால் அப்படியே இருந்தது.

கடைசியில் மதுரையில் ஒரு மருத்துவர் கால் கட்டைவிரலுக்கு அடுத்த விரலின் அடியில் தோலைக் கிள்ளித் தூக்கிப் பார்த்தார். தோல் சுலபமாக மடிந்து வந்தது. "இது யானைக்கால் இல்லை, லிப்பிடீமா" என்றார். கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லிப்போசக்‌ஷன் என்ற சிகிச்சை இருப்பதையும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா என்னிடம் கேட்டது: "உறிஞ்சி எடுக்கிறதுலயே நாலஞ்சு வகை இருக்காம்லப்பா. எது நல்லதுன்னு நீதேன் படிச்சுப் பாத்துச் சொல்லேன்."

ஒரே மாதிரி தெரியும் இரண்டு கால்கள்

யானைக்கால் என்பது ஒரு புழுவால் வருவது. 1872-ல் கல்கத்தாவில் திமோதி லூயிஸ், மனித ரத்தத்தில் அந்தப் புழுவின் குஞ்சுகளைப் பார்த்தார். சில வருடங்கள் கழித்து, சீனாவின் அமோய் துறைமுகத்தில் வேலை பார்த்த பேட்ரிக் மேன்சன், கொசுவுக்கு அதில் பங்கு இருப்பதைக் கண்டுபிடித்தார். உடம்பில் ரத்தக் குழாய்கள் போலவே நிணநீர்க் குழாய்களும் உண்டு. திசுக்களில் தேங்கும் நீரை வடிக்கும் வாய்க்கால்கள் அவை. புழு அங்கே குடியேறி வாய்க்காலைக் கெடுத்துவிடுகிறது. வடியாத நீர் தேங்கி, கால் வீங்கி, தோல் தடித்துப் போகிறது. பெரும்பாலும் ஒரு காலில் அதிகமாகவும் இன்னொன்றில் குறைவாகவும் இருக்கும். பாதமும் சேர்ந்தே வீங்கும்.

லிப்பிடீமாவில் புழு கிடையாது. தோலுக்கு அடியில் உள்ள கொழுப்புத் திசுவே மாறிப்போகிறது. கிட்டத்தட்ட பெண்களுக்கு மட்டுமே வருகிறது. வயதுக்கு வரும்போதோ, பிள்ளைப்பேற்றை ஒட்டியோ, மாதவிடாய் நிற்கும் சமயத்திலோ தொடங்குவதும் கூடுவதும் வழக்கம். இரண்டு கால்களும் ஒன்றுபோலப் பெருக்கும், பாதம் தப்பித்துக்கொள்ளும். பட்டினி கிடந்தால் முகமும் வயிறும் இளைக்கும், கால் இளைக்காது.

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் எட்கர் ஆலன், எட்கர் ஹைன்ஸ் என்ற இருவர் 1940-ல் இதற்குப் பெயர் வைத்தார்கள். 1951-ல் 119 நோயாளிகளைப் பற்றி விரிவாகவும் எழுதினார்கள். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இதற்குத் தனி எண் கிடைத்தது 2022-ல் நடைமுறைக்கு வந்த 11-ஆம் பதிப்பில்தான். பெயர் வைத்து எண்பது வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது! இடைப்பட்ட காலத்தில் எத்தனை பெண்களிடம் "சோத்தைக் குறை" என்று சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

மதுரை மருத்துவர் செய்த அந்தக் கிள்ளல் சோதனைக்கு ஸ்டெம்மர் அடையாளம் என்று பெயர். நிணநீர் வீக்கத்தில் தோல் தடித்து, கிள்ளினால் மடியாது. லிப்பிடீமாவில் மடியும். செலவே இல்லாத சோதனை.

கத்தியின் காலம்

பெருத்த காலை அறுவை செய்து சரியாக்கும் முயற்சி யானைக்காலில்தான் தொடங்கியது. அதில் நம் நாட்டுக்கும் ஒரு இடம் உண்டு. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஹேவ்லாக் சார்லஸ் பெயரால் ஒரு அறுவை இன்றும் வழங்குகிறது. வீங்கிய பகுதியின் தோலையும் அடியில் உள்ள திசுவையும் தசையின் உறை வரைக்கும் மொத்தமாகச் சீவி எடுத்துவிட்டு, மேலே தோலை ஒட்டுவது. கால் மெலியும். ஆனால் பார்க்கப் பயங்கரமாக இருக்கும். மிச்சமிருக்கும் நிணநீர்க் குழாய்களும் சேர்ந்து போய்விடும்.

இதற்கு நேர் எதிரான பாதையும் இருந்தது, அதுவும் தமிழ்நாட்டிலேயே. காவிரிப் படுகை யானைக்கால் நோய் அதிகம் இருந்த பகுதி. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவர் எஸ். ஜமால், நிணநீர் முடிச்சைப் பக்கத்தில் உள்ள ரத்தநாளத்தோடு இணைத்து, தேங்கிய நீர் வடிய வழி செய்யும் அறுவையைச் செய்து, உலக மருத்துவ இதழ்களில் எழுதினார். அதாவது சதையை வெட்டி எறியாமல் வாய்க்காலைச் சரிசெய்வது.

இந்த இரண்டு பாதைகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலைக் காப்பாற்றுவதா, எது போனாலும் பரவாயில்லை என்று காலை மெலிய வைப்பதா? லிப்போசக்‌ஷன் வரலாறு முழுக்க இந்தக் கேள்விதான்.

பாரிஸில் ஒரு நடனக்காரி

1921-ல் பாரிஸில் சார்ல் துஜாரியே என்ற மருத்துவர், ஒரு நடனக்காரியின் காலை அழகாக்குவதற்காக, கர்ப்பப்பையைச் சுரண்டும் கருவியால் கொழுப்பைச் சுரண்டினார். ரத்தநாளம் அறுந்தது. கால் அழுகி, கடைசியில் அதை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு ஐம்பது வருடங்களுக்கு இந்தப் பக்கம் பெரிதாக யாரும் வரவில்லை.

1970-களின் நடுவில் ரோமில் ஆர்பட் ஃபிஷர், ஜியார்ஜியோ ஃபிஷர் என்ற தந்தையும் மகனும் சின்னத் துளை வழியாக உறிஞ்சு குழாயை விட்டுக் கொழுப்பை எடுத்தார்கள். இது உலர் முறை. உள்ளே எந்தத் திரவமும் செலுத்துவதில்லை. பிரச்சினை ரத்தம்தான். உலர் முறையில் உறிஞ்சி எடுத்ததில் 20 முதல் 45 சதவீதம் வரை ரத்தமாகவே இருந்திருக்கிறது.

1977-ல் பிரான்சில் இவ்-ஜெரார் இலூஸ் இரண்டு மாற்றங்கள் செய்தார். குழாயின் முனையை மொட்டையாக்கினார், முதலில் உப்புநீரைச் செலுத்தினார். இது ஈர முறை. மொட்டை முனை கொழுப்புக்குள் சுரங்கம் போலப் போகும். இடையில் உள்ள நாளங்களையும் நரம்புகளையும் கூடியவரை விலக்கிவிட்டுப் போகும். ரத்த இழப்பு குறைந்தது, ஆனால் போதுமான அளவுக்கு இல்லை.

பெரிய திருப்பம் 1985-ல் வந்தது. கலிஃபோர்னியாவின் தோல் மருத்துவர் ஜெஃப்ரி க்ளைன், உப்புநீரில் மரத்துப்போக வைக்கும் லிடோகெய்னை மிகவும் நீர்க்கக் கலந்து, ரத்தநாளங்களைச் சுருக்கும் அட்ரினலினையும் கொஞ்சம் சேர்த்து, கொழுப்பு விறைத்து உப்பும் அளவுக்குச் செலுத்தினார். இதுதான் டியூமசன்ட் முறை. 1987-ல் இதை வெளியிட்டார். முழு மயக்கம் தேவையில்லை, நோயாளி விழித்திருக்கலாம். உறிஞ்சியதில் ரத்தத்தின் பங்கு சுமார் 1 சதவீதமாக இறங்கியது. குழாயும் சில மில்லிமீட்டராக ஒல்லியானது.

லிப்பிடீமா கால்களில் லிப்போசக்‌ஷனைக் கொஞ்சம் தைரியமாக யோசிக்க முடிந்ததே இதற்குப் பிறகுதான்.

வாய்க்கால் மேல் கவனம்

அதற்கு முன்னால் மருத்துவர்கள் தயங்கியதற்கு நல்ல காரணம் இருந்தது. லிப்பிடீமா காலில் நிணநீர்க் குழாய்கள் தொடக்கத்தில் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். குழாயைக் கண்டபடி குத்தினால் அவை அறுந்து, நீர் தேங்கத் தொடங்கும். அதாவது ஊர் வைத்த பொய்ப் பெயரைச் சிகிச்சையே நிஜமாக்கிவிடும்.

1990-களின் கடைசியிலும் 2000-களிலும் ஐரோப்பாவில் இறந்தவர்களின் கால்களில் இதைச் சோதித்தார்கள். காலுக்குக் குறுக்காகக் குழாயை ஓட்டினால் நிணநீர்க் குழாய்கள் சேதமாகின்றன. டியூமசன்ட் திரவம் செலுத்தி, மொட்டைக் குழாயைக் காலின் நீளவாக்கில் ஓட்டினால் சேதம் மிகவும் குறைகிறது. கேட்கச் சாதாரணமாக இருந்தாலும், லிப்பிடீமாவைப் பொறுத்தவரை முக்கியமான விஷயம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது உள்ள வகைகள் எல்லாம் க்ளைன் போட்ட அடித்தளத்தின் மேல் கட்டியவை.

அல்ட்ராசவுண்ட் முறை: இத்தாலியின் மிக்கேலே ஸோக்கி பரப்பியது. ஒலி அதிர்வால் கொழுப்பை உடைத்துக் கரைத்து எடுப்பது. நார் பாய்ந்த இறுக்கமான கொழுப்பில் உதவும். ஆனால் சூடு உண்டாகும். ஆரம்பகாலக் கருவிகளில் தோல் வெந்துபோனதும் உண்டு. பிறகு வந்த கருவிகள் இதைக் குறைத்தன.

அதிர்வுக் குழாய் முறை: 1990-களின் கடைசியில் வந்தது. குழாயின் முனை சில மில்லிமீட்டர் தூரம் வேகமாக முன்னும் பின்னும் ஓடும். மருத்துவரின் கை தளராது. பெரிய பரப்பில் வேலை செய்ய வசதி.

நீர்த்தாரை முறை: 2000-களில் ஜெர்மனியில் வளர்ந்தது. விசிறி போலப் பீய்ச்சும் மெல்லிய நீர்த்தாரை கொழுப்பைத் தளர்த்தும், அதே சமயம் குழாய் உறிஞ்சும். முன்கூட்டியே காலை உப்ப வைக்க அதிகத் திரவம் வேண்டாம்.

லேசர் முறை: கொழுப்பை உருக்குவது. இங்கும் சூடுதான் கவலை. லிப்பிடீமாவில் முன்னணிக்கு வரவில்லை.

அதிர்வுக் குழாய், நீர்த்தாரை இரண்டுமே லிப்பிடீமாவுக்கு அதிகம் பயன்படுகின்றன. ஆனால் ஒன்று மற்றதைவிடத் தெளிவாக மேல் என்று தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு நேருக்கு நேர் ஒப்பீடுகள் வலுவாக இல்லை. விளம்பரங்கள் மட்டும்தான் அவ்வளவு உறுதியாகப் பேசுகின்றன :-)

பலன் உண்டா?

ஜெர்மனியின் லூபெக் நகரில் வில்ஃப்ரீட் ஷ்மெல்லர் குழுவினர், சிகிச்சை பெற்ற 112 பெண்களைச் சராசரியாக 3 வருடம் 8 மாதம் கழித்து விசாரித்து 2012-ல் வெளியிட்டார்கள். வலி, கன்றிப்போதல், நடப்பதில் சிரமம் எல்லாம் நன்றாகக் குறைந்திருந்தன. பலருக்கு அழுத்தக் காலுறையின் தேவையும் குறைந்தது. ஆனால் இது நோயாளிகள் தாங்களே சொன்ன பதில்களின் அடிப்படையில் அமைந்தது, ஒப்பிட்டுப் பார்க்கச் சிகிச்சை பெறாத இன்னொரு குழு கிடையாது.

அந்த ஊர் அரசுக் காப்பீட்டு அமைப்பும் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. 2019-ல், முற்றிய மூன்றாம் நிலைக்கு மட்டும் தற்காலிகமாக அனுமதித்தது. முறையான ஒப்பீட்டு ஆய்வு ஒன்றையும் நடத்த வைத்தது. அதன் முதல் முடிவுகள் வந்த பிறகு 2025 ஜூலையில், எல்லா நிலைகளுக்கும் நிபந்தனைகளோடு செலவை ஏற்க முடிவு செய்தது. அழுத்தக் காலுறை போன்ற வழிகளை ஆறு மாதம் முயன்றும் வலி போதுமான அளவு குறையாதவர்களுக்குத்தான் இது.

இவ்வளவுக்குப் பிறகும் இது முழுக் குணம் இல்லை. ஒரே தடவையில் முடியாது, பல அமர்வுகள் வேண்டும். லிடோகெய்ன் அளவு மீறினால் ஆபத்து. ரத்தக்கட்டி, தொற்று அபாயமும் உண்டு. தோல் தொங்கலாம்.

பெரியம்மாவுக்குச் சொன்ன பதில்

"எது நல்லதுன்னு கேட்டீங்கல்ல பெரியம்மா, மிஷின் பேரைக் கேக்காதீங்க, இந்த நாலு கேள்வியைக் கேளுங்க" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

1. இது லிப்பிடீமாதான், யானைக்கால் இல்லை என்று எப்படி உறுதி செய்தீர்கள்?
2. நிணநீர்க் குழாய்களைக் காப்பாற்ற என்ன செய்வீர்கள்?
3. இதுவரை எத்தனை லிப்பிடீமா கால்களுக்குச் செய்திருக்கிறீர்கள்? அழகு சிகிச்சைக் கணக்கு வேண்டாம்.
4. எத்தனை அமர்வு, மொத்தம் எவ்வளவு செலவு, அதற்குப் பிறகு எத்தனை நாள் தோட்ட வேலைக்குப் போக முடியாது?

நாலாவது கேள்வியைப் படித்துக் காட்டியதும் பெரியம்மா சிரித்துவிட்டார். "இதுக்கு மட்டும் எனக்கே பதில் தெரியும்" என்றார்.

இன்னும் முடிவு எடுக்கவில்லை. இப்போதைக்கு அழுத்தக் காலுறை போடுகிறார். சித்திரை வெயிலில் அது எவ்வளவு பெரிய தண்டனை என்று கம்பம், தேனிப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. போன மாதம் ஒரு காதுகுத்து வீட்டில் யாரோ "யானைக்கால்" என்று முணுமுணுத்தபோது, பெரியம்மா சேலையைக் கொஞ்சம் தூக்கி, குனிந்து தன் கால்விரலின் அடியில் தோலைக் கிள்ளிக் காட்டினார். "இந்தா பாரு, மடியுதா? யானைக்காலுன்னா மடியாது."

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி யாராவது இருந்தால், யானைக்கால் என்றோ சோற்றைக் குறை என்றோ சொல்வதற்கு முன்னால் ஒரு நல்ல மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். நான் எழுதியதில் தவறு இருந்தால் மருத்துவம் படிக்கும் நண்பர்கள் பின்னூட்டத்தில் திருத்துங்கள், மாற்றிவிடுகிறேன்.

மீண்டும் சந்திப்போம்.