மயக்கமும் மெதுவான நாடியும்: ஒரு சிறு வரலாறு



வீட்டில் பெரியவர் ஒருவர் தலைசுற்றி விழுந்தால், "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று சொல்லிவிடுகிறோம். இருநூறு ஆண்டுகளுக்கு முன் மருத்துவர்களே இதை மூளைக் கோளாறு என்றுதான் நினைத்தார்கள்.

அந்த எண்ணம் மாறத் தொடங்கியது அயர்லாந்தின் டப்ளின் நகரில். அடிக்கடி மயங்கி விழுந்த 68 வயது அரசு அலுவலர் ஒருவரைப் பற்றி, 1827இல் மருத்துவர் ராபர்ட் ஆடம்ஸ் எழுதினார். அவருடைய நாடி நிமிடத்துக்கு 30 தடவைதான் துடித்தது. கோளாறு மூளையில் இல்லை, இதயத்தில் என்றார் ஆடம்ஸ். 1846இல் அதே ஊர் மருத்துவர் வில்லியம் ஸ்டோக்ஸும் இதையே விரிவாக எழுதினார். இன்றும் அந்த மயக்கம் இருவர் பெயராலும்தான் அழைக்கப்படுகிறது.

இதயத்தின் மேலறையில் பிறக்கும் மின்துடிப்பு கீழறைக்குப் போய்ச் சேர வேண்டும். வயது ஏற ஏற அந்தப் பாதை நைந்துபோகலாம். அப்போது துடிப்பு குறையும். மூளைக்குப் போகும் ரத்தமும் குறையும். கண் இருண்டு ஆள் விழுவார்.

காரணம் தெரிந்தும், நிலையான தீர்வுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. சுவீடன் நாட்டு ஆர்னே லார்சனுக்கு 43 வயது. கிருமித் தொற்றால் அவர் இதயத்தில் இந்தப் பாதை பழுதானது. தினமும் இருபது, முப்பது தடவை மயங்கினார். மனைவி எல்ஸ் மாரீ, அறுவை மருத்துவர் சென்னிங்கிடமும் பொறியாளர் எல்ம்க்விஸ்டிடமும் மாறி மாறி நடந்தார். மனிதருக்குப் பொருத்தும் கருவி இன்னும் தயாராகவில்லை என்றார்கள். அந்த அம்மா விடவில்லை. எல்ம்க்விஸ்ட் ஷூ பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்து, பிசினில் கருவியை வார்த்தார். 1958 அக்டோபர் 8 அன்று ஸ்டாக்ஹோமில் சென்னிங் அதை லார்சனின் உடலுக்குள் பொருத்தினார். உலகின் முதல் உட்பொருத்திய பேஸ்மேக்கர் அதுதான். சில மணி நேரத்தில் அது நின்றுபோக, கைவசம் இருந்த இரண்டாவதைப் பொருத்தினார்கள்.

வாழ்நாளில் 26 கருவிகள் மாற்றிய லார்சன், அந்த இருவரும் மறைந்த பிறகும் வாழ்ந்து, 2001இல் 86 வயதில் காலமானார். அதுவும் புற்றுநோயால், இதய நோயால் அல்ல.

மெதுவான நாடி எல்லாமே நோய் அல்ல. ஓட்டப் பயிற்சி உள்ளவர்களுக்கு இயல்பாகவே குறைவாக இருக்கும். சில ரத்த அழுத்த மாத்திரைகளும் துடிப்பைக் குறைக்கும். அவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஆனால் துடிப்பு 60க்குக் கீழே இருந்து, தலைசுற்றல், மயக்கம், மூச்சுவாங்கல், காரணமில்லாத அசதி ஏதாவது சேர்ந்தால், உடனே ஈசிஜி எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். மயங்கியே விழுந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தயங்காதீர்கள்.

இன்று அம்மா அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து, முழு ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். கடிகாரம் ஒன்று போதும்.