இரண்டு மார்கழிகள்

2017ஆம் ஆண்டு அக்டோபர் கடைசியிலும் நவம்பர் தொடக்கத்திலுமாக, ஏறத்தாழ ஒரே சமயத்தில், யுனெஸ்கோவிடமிருந்து தமிழ்நாட்டுக்கு இரண்டு நற்செய்திகள் வந்து சேர்ந்தன. உலகின் படைப்பாக்க நகரங்கள் வரிசையில், இசைக்கான நகரமாகச் சென்னை சேர்க்கப்பட்டது என்பது ஒன்று. திருவரங்கம் அரங்கநாதசுவாமி கோயிலில் நடந்த திருப்பணிகளுக்கு, ஆசிய பசிபிக் பகுதிக்கான பண்பாட்டு மரபுப் பாதுகாப்பு விருதுகளில் ஒன்று வழங்கப்பட்டது என்பது மற்றொன்று. திருச்சிராப்பள்ளியில் பிறந்து வளர்ந்த நம் போன்றோருக்கு இரண்டுமே இனித்தன. ஆனால் இரண்டு செய்திகளையும் அருகருகே வைத்துப் படித்தபோது ஒரு நெருடலும் எழாமல் இல்லை. சென்னைக்குப் புகழ் அதன் பாட்டால் வந்தது. அரங்கத்துக்கோ அதன் கல்லாலும் சுதையாலும் வந்தது. அப்படியானால் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட இந்த ஊரில் பாட்டு எங்கே போயிற்று?

கருநாடக இசையுலகில் கலைஞரின் பெயருக்கு முன்னால் ஊரின் பெயரைச் சேர்த்து வழங்குவது மரபு. அந்த மரபையே சான்றாகக் கொண்டு சற்றே கணக்கெடுத்துப் பார்ப்போம். மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை, முசிறி சுப்பிரமணிய ஐயர், ஆலத்தூர் சகோதரர்கள், லால்குடி ஜெயராமன், திருச்சி சங்கரன். பேருந்தேறினால் அரை நாளில் சுற்றி வந்துவிடக்கூடிய வட்டாரம் இது. இந்த ஊர்ப் பெயர்களை நீக்கிவிட்டு இருபதாம் நூற்றாண்டின் இசை வரலாற்றை எழுத யாரேனும் முயன்றால், பக்கத்துக்குப் பக்கம் ஓட்டை விழும். ஆயினும் இந்தப் பெயர்கள் யாவும் பெரும்பாலும் ஒலித்தது சென்னையின் சபாக்களில்தான். விளைந்தது ஓரிடம், விலை போனது வேறிடம் எனலாம்.

இது எப்படி நேர்ந்தது என்பதை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் இசைக்கும் ஆடலுக்கும் முதலாம் இராஜராஜன் செய்த ஏற்பாடுகளை வியக்கத்தக்க நுணுக்கத்தோடு பதிவு செய்திருக்கின்றன. பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்துக் குடியமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர். திருப்பதியம் விண்ணப்பஞ்செய்ய 48 பேர். அவர்களுக்குத் தாளக்கருவி வாசிக்க இருவர். யார் எந்தச் சிறகில் எத்தனையாவது வீட்டில் குடியிருந்தார் என்பதுகூடக் கல்லில் உண்டு. ஓர் அரசன் நினைத்தால் ஒரு நகரத்தை இசைநகரமாக ஆக்கிவிட முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

திருவரங்கத்தின் சான்று இத்தனை ஆரவாரமானதன்று. முதற் குலோத்துங்கனின் 18ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1088 வாக்கில் பொறிக்கப்பட்ட கல்வெட்டொன்று, திருவிழாவின்போது குலசேகராழ்வாரின் பதிகமொன்றைப் பாடுவதற்குச் செய்யப்பட்ட ஏற்பாட்டைச் சொல்கிறது. அவ்வளவுதான். நானூறு பேர் பட்டியலும் இல்லை, வீட்டு வரிசையும் இல்லை. ஆனால் இதில் கவனிக்க வேண்டிய செய்தி வேறு. இராஜராஜனின் ஏற்பாடு சோழர்களோடு முடிந்துபோயிற்று. அரங்கத்திலோ ஆழ்வார்களின் பாசுரங்கள் இன்றைக்கும் அதே இறைவன் முன்னிலையில் பாடப்படுகின்றன.

சோழர்க்குப் பின் நாயக்கர், நாயக்கர்க்குப் பின் மராட்டியர் எனத் தஞ்சையில் அரசவை இருந்தவரை இசையும் இருந்தது. ஆனால் இசைவாணர்கள் அரண்மனையை மட்டும் சுற்றி வந்தவர்கள் அல்லர். தியாகராஜர் (1767–1847) தம் பயணங்களில் பாடிய பஞ்சரத்தினக் கீர்த்தனைத் தொகுதிகள் ஊர்ப் பெயராலேயே வழங்குகின்றன. திருவரங்கத்துக்கு ஒன்று, லால்குடிக்கு ஒன்று, சென்னையை அடுத்த கோவூருக்கு ஒன்று. அவருடைய காலத்து இசை வரைபடத்தில் சென்னைப் பட்டினம் வழியிலிருந்த ஊர்களில் ஒன்று; அரங்கமும் லால்குடியும் அதற்குச் சற்றும் குறைந்தவை அல்ல.

வரைபடத்தை மாற்றியது 1855. அந்த ஆண்டு தஞ்சை மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தார்; அரசு கும்பினியின் கைக்குப் போனது. அரசவையை நம்பியிருந்த குடும்பங்கள் மைசூர், திருவாங்கூர், இராமநாதபுரம் எனப் பல திசைகளில் புரவலரைத் தேடின. வணிகரும் வக்கீல்களும் அரசு அலுவலரும் பெருகிய சென்னை மெல்ல மெல்ல அவர்களில் பலரை ஈர்த்துக்கொண்டது. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது அதனோடு சேர்ந்து ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் விளைவாக 1928இல் மியூசிக் அகாதெமி தோன்றியது. சென்னையின் புகழ்பெற்ற மார்கழி சீசனுக்கு வித்து இதுவே. காங்கிரஸ் கூடியதும் டிசம்பரில், நீதிமன்றங்களுக்கும் அலுவலகங்களுக்கும் கிறிஸ்துமஸ் விடுமுறை வருவதும் டிசம்பரில். ஆக, சென்னையின் மார்கழி அலுவலக நாள்காட்டி தந்த மார்கழி என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

அப்போது திருச்சி உறங்கிக்கொண்டிருந்ததா என்றால், இல்லை. தென்னிந்திய ரயில்வேயின் தலைமையிடம் இங்கே இருந்தது. அதனால் மாதச் சம்பளமும் மாலை ஓய்வும் உடைய ஒரு ரசிகர் கூட்டம் உருவாகியிருந்தது. அந்த ரயில்வேயின் அதிகாரியான எஃப். ஜி. நடேச ஐயர் 1914இல், அதாவது அகாதெமிக்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பே, ரசிக ரஞ்சன சபையை நிறுவினார். மாயவரத்தில் பிறந்து திருச்சிக்குக் குடிவந்த ஒரு சிறுவனின் குரலைக் கேட்டு, அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசனாக மேடையேற்றியவரும் அவரே. அந்தச் சிறுவன்தான் பின்னாளில் எம். கே. தியாகராஜ பாகவதர். வானொலியிலும் நாம் பிந்திவிடவில்லை. சென்னை நிலையம் 1938 ஜூன் 16ஆம் நாள் தொடங்கியது; பதினொரே மாதத்தில், 1939 மே 16ஆம் நாள், திருச்சி நிலையமும் ஒலிக்கத் தொடங்கிவிட்டது. காவிரிப் படுகையின் வித்துவான்களுக்குச் சென்னை ரயிலைப் பிடிக்காமலேயே ஒலிபெருக்கி கிடைத்தது.

ஆக, ரசிகர், சபை, வானொலி மூன்றும் இங்கே இருந்தன. இல்லாதது எது? இசையைப் பற்றிப் பேசுகிற எந்திரம் இல்லை. அன்றாடம் விமரிசனம் வெளியிடும் பெரும் பத்திரிகைகள், இசைத்தட்டுக் கம்பெனிகள், திரைப்படக் கூடங்கள், பட்டம் வழங்கும் அமைப்புகள் ஆகிய எல்லாம் சென்னையில் குவிந்தன. 1949இல் கருநாடக இசைக்கென அரசு கல்லூரி அமைந்ததும் சென்னையில். அதன் முதல் முதல்வராகப் போனவர் நம் முசிறி சுப்பிரமணிய ஐயர். ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் இசை விமரிசனத்தைத் தமிழர் வீடுதோறும் கொண்டு சேர்த்த கல்கியோ, திருச்சியில் பள்ளிப் படிப்பை விட்டு 1921இல் ஒத்துழையாமை இயக்கத்தில் குதித்தவர். பாடியவரையும் அனுப்பினோம், கற்பித்தவரையும் அனுப்பினோம், பாராட்டி எழுதியவரையும் அனுப்பினோம்.

இத்தகைய நிலை நமக்கு மட்டும் உரியதன்று. மொஸார்ட் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில் 1756இல் பிறந்தார். தம் ஊரில் மூச்சு முட்டுவதாக உணர்ந்து 1781இல் வியன்னாவில் குடியேறினார், அங்கேயே மறைந்தார். சால்ஸ்பர்க் அவரை இழந்ததற்காக வருந்திக்கொண்டே இருந்துவிடவில்லை. 1842இல் அவருக்குச் சிலை வைத்தது. 1920இல் ஆண்டு விழாவொன்றைத் தொடங்கியது. இன்று உலகெங்கிலுமிருந்து இசைப்பிரியர்கள் அவ்வூருக்குப் பயணம் போகிறார்கள். வியன்னாவின் புகழ் வேறு, சால்ஸ்பர்க்கின் புகழ் வேறு. இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிவிடவில்லை. நம்மவர்கள் வாழ்ந்த தெருக்களில் அவர்கள் பெயர் சொல்லும் பலகைகள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால், சால்ஸ்பர்க்குக்கும் நமக்கும் உள்ள தொலைவு புரியும்.

வெளிநாட்டுப் புகழைப் பேசும்போது இன்னொரு வேடிக்கையும் உண்டு. லால்குடி ஜெயராமன் 1965இல் எடின்பரோ விழாவில் வாசித்தார். அவரது வாசிப்பில் மகிழ்ந்த யெஹூதி மெனுஹின் அவருக்கு ஒரு வயலினைப் பரிசளித்தார். மிருதங்க வித்துவான் திருச்சி சங்கரன் 1971இல் கனடாவின் டொரன்டோவிலுள்ள யார்க் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, தென்னிந்திய இசையைப் பாடமாக நிலைநிறுத்தியவர்களில் ஒருவரானார். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1978 முதல் தியாகராஜ ஆராதனை ஆண்டுதோறும் நடக்கிறது. மலைக்கோட்டையை ஒருநாளும் பார்த்திராத மாணவர்களுக்கும் 'திருச்சி' என்ற சொல் ஒரு வாசிப்பு முறையின் முகவரியாகத் தெரிந்திருக்கிறது. ஊரைவிட்டுப் போனவர்களால் பெயர் உலகம் சுற்றியது. திருச்சியிலேயே வாழ்ந்து கிளாரினெட்டைக் கருநாடக இசைக்கு வசப்படுத்திய ஏ. கே. சி. நடராஜனுக்கும் சங்கீத கலாநிதி விருது வந்தது, 2008இல். அதை வாங்க அவரும் சென்னை மேடைக்குத்தான் போக வேண்டியிருந்தது.

இதுவரை சொன்னது ஒரு மார்கழியின் கதை. இனி மற்றொன்று.

சென்னையில் சபாக்கள் நிரம்பி வழியும் அதே பருவத்தில்தான், பெரும்பாலான ஆண்டுகளில், அரங்கத்தில் அத்யயன உற்சவமும் நடக்கிறது. பகல்பத்து நாட்களில் நம்பெருமாள் அர்ஜுன மண்டபத்தில் எழுந்தருளியிருப்பார். உயர்ந்த குல்லாயும் மாலையும் அணிந்த அரையர்கள் கையில் தாளத்துடன் அவர் முன் நின்று பாசுரங்களை இசைப்பார்கள், அபிநயிப்பார்கள், வியாக்கியானம் சொல்வார்கள். இராப்பத்தில் இது ஆயிரங்கால் மண்டபத்துக்கு மாறும். இரவில் பெருமாள் கருவறைக்குத் திரும்புகையில் வீணை ஏகாந்தம் நடக்கும். நாதமுனிகள் வகுத்ததாக மரபு சொல்லும் முறை இது. 1323இல் டில்லிப் படையெடுப்பால் பெருமாளே ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. 1371இல்தான் அவர் திரும்பினார். அரை நூற்றாண்டுக்கு இரண்டே ஆண்டுகள் குறைவான அந்த இடைவெளியையும் கடந்து பாசுரம் மீண்டும் இங்கே ஒலித்தது.

கூட்டத்தில் நசுங்கியபடி நாமும் அதை நின்று கேட்டிருக்கிறோம். முதன்முறை கேட்டபோது, உண்மையைச் சொல்வதானால், ஏமாற்றமே மிஞ்சியது. சபாவில் பழகிய காது ராகத்தின் விரிவைத் தேடியது, கற்பனை ஸ்வரத்தைத் தேடியது. அரையர் நம் பக்கம் திரும்பவே இல்லை. அவருக்கு முன்னே இருந்த ரசிகர் ஒருவரே. பலமுறை போன பின்புதான் ஒன்று விளங்கிற்று. நாம் அங்கே கேட்பவர்கள் அல்லர், உடனிருப்பவர்கள். நுழைவுச்சீட்டும் இருக்கையும் மறுநாள் விமரிசனமும் இல்லாத இந்த இசையைச் சென்னைக்கோ கிளீவ்லாந்துக்கோ எடுத்துச் செல்ல முடியாது. எடுத்துச் சென்று காட்டலாம். காட்டியது வேறொன்றாக இருக்கும். விழாக்களையும் அரங்குகளையும் எண்ணி நகரங்களை வரிசைப்படுத்தும் முறைகளில் இதற்குக் கட்டமே இல்லை.

இதை வைத்துக்கொண்டு, 'எங்கள் ஊரே மேல்' என்று மார்தட்டுவது நம் நோக்கமன்று. கோயில் இசை எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தியதும் இல்லை. அரையர் உரிமை சில குடும்பங்களின் ஆண்வழிக்கு மட்டுமே உரியது. கோயிலில் ஆடியும் பாடியும் வந்த பெண்களின் கலை, 1947இல் வந்த தேவதாசி ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் மதிலுக்குள் இல்லை. அவர்களை விடுவித்த அதே மாற்றத்தில் அவர்களின் இசையை யாரும் எழுதி வைக்கவில்லை என்பது நமக்கு என்றும் உறுத்த வேண்டிய குறை. சபா மேடையே சாதியும் பாலும் கடந்து ஓரளவேனும் திறந்தது. அதற்காகச் சென்னைக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் கவலை இருக்கிறது. ஒரு காலத்தில் பல வைணவத் தலங்களில் நடந்த அரையர் சேவை இன்று திருவரங்கம், திருவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி, மேலக்கோட்டை போன்ற மிகச் சில ஊர்களில்தான் எஞ்சியுள்ளது. ஒரு குடும்பத்தில் ஒரு தலைமுறை வேறு வேலைக்குப் போய்விட்டால் ஒரு தலத்தின் பாட்டு நின்றுவிடும். கோபுரத்தில் விரிசல் விழுந்தால் படம் எடுக்கலாம், மனு எழுதலாம், பொறியாளரை அழைக்கலாம். பாட்டில் விழும் விரிசலை அதைப் பலகாலம் கேட்டுப் பழகிய காது மட்டுமே அறியும்.

சென்னையைப் போல ஒரு சீசன் இங்கும் வேண்டும் என்று நண்பர்கள் அவ்வப்போது சொல்வதுண்டு. வரட்டும், மகிழ்ச்சியே. அதற்கு முன் நம்மால் ஆகக்கூடிய எளிய வேலைகள் சில உண்டு. மலைக்கோட்டைத் தெருக்களிலும், லால்குடி, பூவாளூர், முசிறி பக்கங்களிலும் இன்னும் நினைவோடு இருக்கும் முதியவர்களிடம் யார் எங்கே குடியிருந்தார், யாரிடம் கற்றார் என்பதைக் கேட்டு எழுதி வைக்கலாம். பழைய கச்சேரி அழைப்பிதழ்கள் பரணில் கிடந்தால் படியெடுத்து வைக்கலாம். வரும் மார்கழியில் ஒரு நாளாவது அர்ஜுன மண்டபத்துத் தூணோரம் நின்று, புரிந்தாலும் புரியாவிட்டாலும், முழுப்பொழுதும் கேட்டுவிட்டு வரலாம். நாங்கள் சிலர் பகல்பத்தின் முதல் நாள் அங்கே இருப்போம். வருகிறவர்கள் வரலாம்.