முடங்கிய விடுமுறையும் முறியாத ஒப்பந்தமும்

2020 மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியபோது மலைவாழிடங்களிலும் கடற்கரைகளிலும் இருந்த விடுமுறை விடுதிகள் மூடப்பட்டன. அறையை முன்பதிவு செய்தவர்களின் சிக்கல் முன்பணத்தோடு முடிந்தது. டைம்ஷேர் உறுப்பினர்களின் சிக்கலோ வேறு வகையானது. அவர்கள் பெருந்தொகையை முன்னரே செலுத்தி, ஆண்டுக்கு ஒரு வாரம் அல்லது அதற்கு ஈடான புள்ளிகள் என்ற கணக்கில், பல ஆண்டுகளுக்குத் தங்கும் உரிமையைப் பெற்றவர்கள். தங்கினாலும் தங்காவிட்டாலும் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணமும் செலுத்துபவர்கள். விடுதி மூடியிருந்த காலத்தில் வீணான புள்ளிகளுக்கு ஈடு உண்டா?

டைம்ஷேருக்கென இந்தியாவில் தனிச்சட்டம் இல்லை. எனவே இக்கேள்வி 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்திடமே செல்கிறது. நிறைவேற்ற இயலாமற்போன ஒப்பந்தம் செல்லாததாகிவிடும் என்கிறது அதன் 56ஆம் பிரிவு. அவ்வாறு செல்லாததானால், பெற்ற பயனைத் திருப்பித் தரவேண்டும் என்கிறது 65ஆம் பிரிவு. ஆனால் ஒப்பந்தம் சில மாதங்கள் மட்டும் முடங்கிக் கிடந்தால் என்ன ஆகும்?

இதற்கு அடிப்படையான விடை கல்கத்தாவில் எழுந்த ஒரு நிலத் தகராற்றில் கிடைத்தது. 1940இல் முக்னீராம் பாங்கூர் நிறுவனம் ஒரு மனையை விற்க ஒப்புக்கொண்டு முன்பணம் பெற்றது. அடுத்த ஆண்டு முதல் அப்பகுதி நிலங்களை அரசு போர்த் தேவைக்காகத் தற்காலிகமாக எடுத்துக்கொண்டது. ஒப்பந்தம் முடிந்துவிட்டது, முன்பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம் என்றது நிறுவனம். மனையுரிமை கோரிய சத்தியபிரத கோஷ் அதை ஏற்கவில்லை. ஒப்பந்தம் முறியவில்லை என்று உச்ச நீதிமன்றம் 1953 நவம்பரில் தீர்ப்பளித்தது. பணியை முடிக்கக் காலக்கெடு குறிக்கப்படவில்லை, தடையும் தற்காலிகமானதே என்பன நீதிபதி பி. கே. முகர்ஜியா கூறிய காரணங்களுள் முதன்மையானவை.

அத்தீர்ப்பு மனை வாங்கியவரைக் காத்தது. அதே தர்க்கம் டைம்ஷேர் உறுப்பினருக்கு எதிராகத் திரும்புகிறது. பல்லாண்டு ஒப்பந்தத்தில் சில மாத மூடல் தற்காலிகத் தடைதான். ஆகவே ஒப்பந்தம் உயிருடன் இருக்கிறது, 65ஆம் பிரிவின் கதவு திறப்பதில்லை, கட்டணமும் தொடர்கிறது. போர் முடிந்தபின் கல்கத்தா மனை அங்கேயே இருந்தது. 2020ஆம் ஆண்டின் மே மாத வாரமோ மீண்டும் வராது.

நீதிமன்றங்கள் அதே ஊரடங்கில் இருவேறு வழிகளைக் கையாண்டன. 2020 அக்டோபர் 1 அன்று விமானப் பயணச்சீட்டு வழக்கில், நிதி நெருக்கடியிலிருந்த நிறுவனங்கள் ஊரடங்குக்கு முன் பதிவான சீட்டுகளுக்கு 2021 மார்ச் 31 வரை பயன்படுத்தத்தக்க 'கிரெடிட் ஷெல்' வழங்கலாம் என உச்ச நீதிமன்றம் ஏற்றது. அதன் மதிப்பு முதலில் மாதம் 0.5 விழுக்காடும், 2020 ஜூனுக்குப் பின் 0.75 விழுக்காடும் உயரவேண்டும். எஞ்சினால் பணமாகத் திருப்பவேண்டும். வழக்குத் தொடுப்பதற்கான காலவரம்பிலோ 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான நாட்களைக் கணக்கிலிருந்தே நீக்கியது.

வீணான புள்ளிகளை அடுத்த ஆண்டுக்கு மாற்றுவது முதல் வழியை ஒத்தது. ஆனால் அறைகளின் எண்ணிக்கை கூடுவதில்லை. ஈராண்டுப் புள்ளிகள் ஓராண்டு அறைகளுக்குப் போட்டியிட்டால், ஈடாகக் கிடைத்தது ஏட்டளவிலேயே நிற்கும். மூடலால் இழப்படையாத புதிய உறுப்பினரும் அதன் சுமையைத் தாங்குவார். மூடிய காலத்தை நீக்கி உறுப்பினர் காலத்தின் இறுதியில் சேர்ப்பதில் இந்த நெரிசல் குறைவு. எனினும் முதுமையை நெருங்கும் உறுப்பினருக்கு இருபது ஆண்டு கழித்து வரும் வாரத்தால் என்ன பயன்? மூடிய மாதங்களிலும் காவலும் பழுதுபார்ப்பும் ஊதியமும் நிற்கவில்லை என்பது உண்மையே. ஆனால் விருந்தினர் இல்லாததால் மிஞ்சிய செலவு உறுப்பினரின் பணம். அதைக் கணக்குக் காட்டித் திருப்புவதற்கு ஒப்பந்தம் முறியவேண்டிய தேவையில்லை.