வண்டியில் ஏறியவரின் நியாயம்

வளையமாதேவியில் ‘இழப்பீடு’ என்ற சொல்லுக்கு யாரும் பொருள் கேட்பதில்லை. சேத்தியாத்தோப்பை அடுத்த இவ்வூர் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தின் விளிம்பில் இருக்கிறது. 2023 ஜூலை 26 அன்று, இரண்டாம் சுரங்கத்தின் பொருட்டுப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக, விளைந்துகொண்டிருந்த நெற்பயிருக்குள் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கின. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. அத்தொகை போதுமா என்ற சர்ச்சை ஒருபுறமிருக்க, பயிருக்கு ஒரு கணக்கு உண்டு என்பது ஊரறிந்த செய்தியாயிற்று.

அதே ஊரார் அன்றாடம் சாலையில் செல்கிறார்கள். நெய்வேலி ஆர்ச் கேட், வடலூர், சேத்தியாத்தோப்பு வழியாகக் கும்பகோணம் நோக்கிப் போகும் நெடுஞ்சாலையில் பேருந்தும் நிலக்கரி லாரியும் கல்யாண வேனும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஓடுகின்றன. துக்க வீட்டுக்கு வாடகை வேனில் போகிறவர், நடவுக்குச் சரக்கு ஆட்டோவில் நின்றுகொண்டு போகிறவர், பக்கத்து வீட்டுக்காரரின் காரில் மருத்துவமனைக்குப் போகிறவர் ஆகிய மூவருக்கும் பொதுவானது ஒன்றுண்டு. வண்டியை அவர்கள் ஓட்டவில்லை. விபத்து நேர்ந்தால் அவர்கள்மீது சுமத்தப் பெரும்பாலும் ஒரு குற்றமும் இராது. அப்படிப்பட்டவருக்கு இழப்பீடு கிடைப்பது எளிதாக இருந்திருக்க வேண்டும் என்றே எவரும் எண்ணுவர். ஆனால் மோட்டார் சட்டத்தின் வரலாற்றில் இறுதியாகக் கவனிக்கப்பட்டவர்களுள் ஒருவர் அவரே என்பதை நாம் இங்கே பார்க்கப்போகிறோம்.

தேர்க்காலில் கன்று அடிபட்ட கதை நமக்குப் பால பாடம். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலையும் வைத்திருக்கிறோம். அக்கதையில் அடிபட்டது வீதியில் வந்த கன்று. தேருக்குள் இருந்தவர் அடிபட்டால் என்ன நியாயம் என்ற கேள்வி அங்கே எழவில்லை. பின்னாளில் நமக்கு வந்து சேர்ந்த ஆங்கிலச் சட்டமும் வெகுகாலம் அக்கேள்வியை நேராகச் சந்திக்கவில்லை.

1808இல் லண்டனில் ஒரு வழக்கு நடந்தது. கணவனும் மனைவியும் குதிரைகள் பூட்டிய பயணி வண்டியொன்றின் மேல்தட்டில் அமர்ந்து சென்றபோது வண்டி கவிழ்ந்தது. கணவனுக்குக் காயம்; மனைவி ஏறக்குறைய ஒரு மாதம் மருத்துவமனையில் கிடந்து இறந்தாள். கணவனுடைய காயத்துக்கும், மனைவி உயிரோடு கிடந்த அந்த ஒரு மாதத்துக்கும் 100 பவுண்டு கிடைத்தது. அவளுடைய மரணத்துக்கு ஒன்றுமில்லை. ஒரு மனிதரின் மரணத்தை உரிமையியல் நீதிமன்றத்தில் ஒரு தீங்காக முறையிட இயலாது என்று தலைமை நீதிபதி எல்லன்பரோ பிரபு கூறிவிட்டார். காயப்படுத்தியவர் பணம் தர வேண்டும், கொன்றவர் தர வேண்டியதில்லை என்ற இந்த விபரீதத்தைத் திருத்த இங்கிலாந்தில் 1846இல் ஒரு சட்டம் வந்தது. அதன் சாயலில் இந்தியாவில் 1855ஆம் ஆண்டின் மரண விபத்துச் சட்டம் பிறந்தது. மோட்டார் வண்டி நம் சாலைக்கு வருமுன்பே அதற்குரிய சட்டத்தின் முதற்கல் இவ்வாறு நாட்டப்பட்டுவிட்டது.

1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அந்த அத்தியாயம் நடைமுறைக்கு வந்தது 1946 ஜூலை 1 அன்று. வண்டிக்காரர் ஏழையாயினும் அடிபட்டவர் வெறுங்கையோடு திரும்பலாகாது என்பதே அதன் நோக்கம். ஆனால் அதில் ஒரு விலக்கும் இருந்தது. கூலிக்கோ வாடகைக்கோ ஏற்றப்பட்டவர், வேலை ஒப்பந்தத்தின்படி ஏற்றப்பட்டவர் ஆகியோரைத் தவிர்த்து, வண்டிக்குள் இருந்த பிறருக்குக் காப்பீடு கட்டாயமில்லை. சாலையோரம் நடந்தவர் ‘மூன்றாம் நபர்’. அவருக்குப் பாதுகாப்பு உண்டு. நண்பரின் காரில் ஏறிய கணத்தில் அதே மனிதர் அந்தப் பாதுகாப்பை இழந்தார்.

பயணச்சீட்டு வாங்கியவர் நிலையும் பெருமைப்படத்தக்கதாய் இல்லை. 1956இல் செய்த திருத்தத்தால் உரிமையியல் நீதிமன்றத்தின் நீண்ட நடையைத் தவிர்க்கத் தனித் தீர்ப்பாயங்கள் அமைக்க வழி பிறந்தது. எனினும் தொகைக்கு உச்சவரம்பு இருந்தது. 1969ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, முப்பது பேர்வரை ஏற்றும் வண்டியின் பயணிகள் அனைவருக்குமாகக் காப்பீட்டின் எல்லை 50,000 ரூபாய். முப்பதுக்கு மேல் அறுபதுவரை 75,000. அதற்கும் மேல் ஒரு லட்சம். அதற்குள்ளும் ஒரு வேறுபாடு: வாடகைக் காரில் சென்ற பயணிக்குத் தலைக்கு 10,000 ரூபாய், பேருந்தில் சென்றவருக்குத் தலைக்கு 5,000 ரூபாய். ஒரே சாலையில் ஒரே நாளில் ஒரே எலும்பு முறிந்தாலும், அவர் எதில் ஏறியிருந்தார் என்பதைப் பொறுத்துக் காப்பீடு இரட்டிப்பாகும் அல்லது பாதியாகும். 1982இல்தான் பயணிகளுக்குள் இருந்த அந்த வேறுபாடு நீங்கித் தலைக்கு 15,000 ஆயிற்று.

இக்காலத்தில் நீதிமன்றங்கள் எவ்வாறு நகர்ந்தன என்பதற்கு இரண்டு வழக்குகள் போதும். 1960 டிசம்பரில் நாக்பூரிலிருந்து பாண்டுர்ணா நோக்கிச் சென்ற ஒரு நிறுவனத்தின் கார் மரத்தில் மோதியது. ஓட்டியவர் அந்நிறுவனத்தின் மேலாளர். உடன் சென்று இறந்தவர் வேறொருவர். சாலையை விட்டு விலகி மரத்தில் மோதிய கார் தன் கதையைத் தானே சொல்லும், கவனக்குறைவை இறந்தவரின் குடும்பம் அணு அணுவாய் மெய்ப்பிக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது. நிறுவனம் பொறுப்பேற்க வேண்டியதாயிற்று. ஆனால் காப்பீட்டாளரின் பொறுப்பு, பாலிசியில் பயணிக்கெனச் சேர்த்திருந்த பிரிவின்படி 15,000 ரூபாயோடு நின்றது. விபத்துக்கும் தீர்ப்புக்கும் இடையே பதினாறு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பி.எஸ். கைலாசம். கவிஞர் சௌந்தரா கைலாசத்தின் கணவர் என்று சொன்னால் இலக்கிய வாசகர்கள் அவரை இன்னும் எளிதில் அறிவார்கள்.

மற்றொரு வழக்கு தமிழ்நாட்டைச் சேர்ந்தது. இருள் கவிந்த பிறகு சென்ற ஒரு தனியார் பேருந்து, தாழத் தொங்கிய உயரழுத்த மின்கம்பியில் உரசியது. பாதிக்கப்பட்டோர் 26 பேர். அவர்களில் 8 பேர் அங்கேயே இறந்தனர். குற்றவியல் நீதிமன்றம் இதைத் தெய்வச் செயலெனக் கொண்டு ஓட்டுநரை விடுவித்தது. பேருந்து உரிமையாளர் அந்த விடுதலையைக் கையில் பிடித்துக்கொண்டு உச்ச நீதிமன்றம்வரை சென்றார். 1980இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதை ஏற்கவில்லை. குற்ற வழக்குக்கு வேண்டிய சாட்சியத்தின் அளவு வேறு, இழப்பீட்டு வழக்குக்கு வேண்டிய அளவு வேறு என்பதைத் தெளிவுபடுத்தினார். இங்கொரு ஐயம், அங்கொரு தெளிவின்மை என்ற காரணங்களால் உரிமையாளர்கள் தப்பிவிடாதபடி தீர்ப்பாயங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அறிவுறுத்தினார். ஓட்டுநர் விடுதலையானதால் தங்கள் வழக்கும் முடிந்தது என்று எண்ணும் குடும்பங்கள் இன்றும் உண்டு. அவர்கள் அறிய வேண்டிய தீர்ப்பு இது.

1982இல் குற்றம் யாருடையது என்று பாராமலே ஒரு சிறுதொகை வழங்கும் முறை வந்தது: மரணத்துக்கு 15,000, நிரந்தர ஊனத்துக்கு 7,500 ரூபாய். 1988ஆம் ஆண்டின் புதிய சட்டம் உயிர், உடல் சேதத்துக்கான பழைய உச்சவரம்புகளை நீக்கியது. 2019ஆம் ஆண்டின் திருத்தம், குற்றத்தை மெய்ப்பிக்காமலே மரணத்துக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் கோரலாம் என்றாக்கியது. இரண்டு வண்டிகள் மோதிக்கொண்டால், எவர்மீது எவ்வளவு தவறு என்று பிரித்துக் காட்டும் சுமை நிரபராதியான பயணிக்கு இல்லை. இரு தரப்பில் எவரிடமிருந்தும் முழுத்தொகையையும் பெறலாம் என்பது 2015இல் உச்ச நீதிமன்றத்தால் மீண்டும் உறுதியாயிற்று. பயணிக்குக் கிடைத்த உரிமைகளுள் இதுவே வலிமை வாய்ந்தது என்று கருதுகிறோம்.

ஆயினும் 1939ஆம் ஆண்டின் விலக்கு முற்றிலும் மறையவில்லை. சொந்தக் காரில் கட்டணமின்றி உடன் செல்பவரின் நிலை பாலிசியின் பெயரைப் பொறுத்தது. பேச்சு வழக்கில் ‘தேர்டு பார்ட்டி’ எனப்படும், சட்டம் கோரும் குறைந்தபட்சக் காப்பீடு அவருக்கு நிழல் தருவதில்லை. ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ எனப்படும் முழுத் தொகுப்புப் பாலிசி தரும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2009 நவம்பரில் அனுப்பிய சுற்றறிக்கை இதைத் தெளிவாக்கியது. 2012இல் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற ஒரு கார் பயணியின் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இவ்வேறுபாட்டை ஏற்று, பாலிசி எவ்வகையது என்று பார்க்கும்படி தீர்ப்பாயத்துக்கே வழக்கைத் திருப்பி அனுப்பியது. காரில் ஏறும்போது எவரும் பாலிசியைக் கேட்டுப் பார்த்து ஏறுவதில்லை.

இதனினும் கடுமையானது சரக்கு வண்டியில் ஏறியவரின் நிலை. 1994ஆம் ஆண்டுத் திருத்தம் சரக்கின் உரிமையாளருக்கும் அவருடைய பிரதிநிதிக்கும் இடம் தந்தது. சும்மா ஏறிச் சென்றவர்களுக்குக் காப்பீட்டாளர் பொறுப்பல்லர் என்று 2002இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. நெல் மூட்டைக்குச் சொந்தக்காரர் மூட்டையோடு சென்றால் பாதுகாப்பு உண்டு. அந்த நெல்லை நட்டுக் களையெடுத்த பெண் அதே வண்டியில் நின்றுகொண்டு சென்றால் பாதுகாப்பு ஐயத்துக்குரியது. ‘காப்பீட்டாளர் முதலில் கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்’ என்று சில வழக்குகளில் நீதிமன்றங்கள் இரங்கியதுண்டு. இரக்கம் உரிமையாகாது. வேறு வண்டி கிடைக்காததால் அவள் அதில் ஏறினாள் என்பதும் பாலிசியில் எழுதப்படுவதில்லை.

வழக்கு தீர்ப்பாயத்தை எட்டிய பிறகு உடல் எவ்வாறு அளக்கப்படுகிறது? மருத்துவர் எழுதித்தரும் ஊன விழுக்காடு வேறு, சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பு வேறு என்று 2010இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஒரு கை போனால் எழுத்தருக்கு வேலை தங்கலாம். தச்சருக்கும் ஓட்டுநருக்கும் வாழ்வே போகும். எடுத்துக்காட்டாக, மாதம் 10,000 ரூபாய் ஈட்டிய 34 வயதுத் தொழிலாளியின் திறன் கால்பங்கு குறைந்தது என்று கொள்வோம். எதிர்கால உயர்வுக்காக 40 விழுக்காடு சேர்த்தால் 14,000, அதில் கால்பங்கு 3,500, ஆண்டுக்கு 42,000, அவ்வயதுக்குரிய பெருக்கெண் 16. ஆக, 6,72,000 ரூபாய். மருத்துவச் செலவும் வலிக்குரிய தொகையும் இதற்கு மேல். பேருந்துப் பயணியின் காப்பீடு 5,000 ரூபாயோடு நின்ற காலத்திலிருந்து இது நெடுந்தொலைவு.

விபத்து எங்கே நடந்தாலும் பாதிக்கப்பட்டவர் தாம் வசிக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். செங்கல்பட்டில் அடிபட்ட வளையமாதேவிக்காரர் கடலூர் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். ஆனால் காலக்கெடு உண்டு. 1988ஆம் ஆண்டின் சட்டத்திலிருந்த ஆறு மாதக் கெடு 1994இல் நீக்கப்பட்டது. 2022 ஏப்ரல் 1 முதல் அது திரும்ப வந்துவிட்டது. இவ்விதி செல்லுமா என்று உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் எழுந்துள்ளன. தொடை எலும்பில் தகடு பொருத்திக் கிடப்பவருக்கு ஆறு மாதம் என்பது கட்டிலில் கழியும் காலம்.

இந்த வரலாற்றைத் தொகுத்துப் பார்க்கையில் ஒன்று புலப்படுகிறது. தொகை உயர்ந்திருக்கிறது, மெய்ப்பிக்கும் சுமை குறைந்திருக்கிறது. ஆனால் பயணி குற்றமற்றவர் என்ற ஒரே காரணத்துக்காகச் சட்டம் அவருக்கு உரிமை தந்துவிடவில்லை. அவர் எந்த வண்டியில், யாராக, என்ன கொடுத்து ஏறினார் என்றே அது இன்னமும் கேட்கிறது. வளையமாதேவியின் வயலில் ஏக்கருக்கு ஒரு தொகை சொன்னபோது, அந்த நெல்லை யார் நட்டார் என்று எவரும் கேட்கவில்லை. சரக்கு ஆட்டோவில் நின்று சென்ற பெண்ணிடம் மட்டும் அவள் யாராக ஏறினாள் என்று கேட்கிறோம். அந்தக் கேள்வியை விடுத்து, அவளுக்கு என்ன நேர்ந்தது என்று மட்டும் கேட்கும் நாள்வரை இவ்வரலாறு முடிந்ததாகாது.