ஓவர் இடைவெளியில் வளர்ந்த கலை: இந்தியக் கிரிக்கெட் ஒளிபரப்பில் விளம்பரப் படங்களின் வரலாறு

கால்பந்தாட்டத்தில் முதல் பாதி முடியும்வரை 45 நிமிடத்துக்கு ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். நடுவே விளம்பரம் போட நினைக்கும் ஒளிபரப்பாளருக்கு அங்கே வழியில்லை. கிரிக்கெட்டில் ஆறு பந்து வீசியதும் ஆட்டம் தானாக நிற்கிறது. பந்துவீச்சாளர் மாறுகிறார், களத்தில் நிற்பவர்கள் இடம் மாறுகிறார்கள். 50 ஓவர் ஆட்டம் முழுதாக நடந்தால் இரண்டு அணிக்கும் சேர்த்து இப்படி ஏறத்தாழ நூறு நிறுத்தங்கள். விக்கெட் விழும்போது வருவதும் தண்ணீர் இடைவேளையும் தனிக் கணக்கு. இந்தியத் தொலைக்காட்சியில் மக்கள் மனத்தில் தங்கிவிட்ட விளையாட்டு விளம்பரங்களுக்கு உருவம் கொடுத்தது இந்தச் சிறு நிறுத்தமும், அதனால் ஒரே படம் ஒரே நாளில் பலமுறை ஓட நேர்ந்ததும்தான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலின் விளம்பரங்களோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். 1984 ஜனவரி 22 அன்று சூப்பர் பௌல் ஒளிபரப்பின் மூன்றாம் கால்பகுதியில் வந்த ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டாஷ் விளம்பரத்தை ரிட்லி ஸ்காட் இயக்கினார். நாடு தழுவிய ஒளிபரப்பில் அந்த முழுப் படம் ஒரே ஒருமுறை ஓடியதாகவே வரலாறு அதை நினைவுகூர்கிறது. அங்கே ஆண்டுக்கு ஓர் இறுதி ஆட்டம், ஒரே இரவு. முதல் பார்வையிலேயே அசத்த வேண்டிய கட்டாயம். இங்கே தொடர் வாரக்கணக்கில் நடக்கும். ஐம்பதாவது முறை பார்க்கும்போதும் எரிச்சல் வராத படம் எது என்பதே இந்திய விளம்பரக்காரர் முன்னால் இருந்த கேள்வி. அதற்கு ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு விடை கிடைத்தது.

தூர்தர்ஷனில் வணிக விளம்பரம் 1976 ஜனவரி 1 அன்று தொடங்கியது. சென்னை நிலையம் அதற்குச் சில மாதங்கள் முன்னால்தான், 1975 ஆகஸ்ட் 15 அன்று, ஒளிபரப்பைத் தொடங்கியிருந்தது. 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணம் வந்தது. மறு ஆண்டு ஜூன் 25 அன்று லார்ட்ஸ் மைதானத்தில் கபில்தேவ் உலகக் கோப்பையைக் கையில் ஏந்தியதை இந்தியாவின் சில லட்சம் வீடுகள் நேரடியாகப் பார்த்தன. அந்த வெற்றி விளம்பர உலகுக்கு ஒரு முகத்தைத் தந்தது. பாமாலிவ் சவர கிரீமுக்கும், பிறகு பூஸ்டுக்கும் கபில் வந்தார்.

பூஸ்ட் விளம்பரத்தைத் தமிழ் வாசகர் சற்று நின்று பார்க்க வேண்டும். எழுபதுகளின் நடுவில் கேரளத்தில் அறிமுகமாகி, தென்னிந்தியாவில் முதலில் வேரூன்றிய பானம் அது. தன் வலுவின் ரகசியம் பூஸ்ட்தான் என்று கபில் சொன்ன ஆங்கில வாசகத்தை, அடுத்த பத்தாண்டில் டெண்டுல்கர் ஏற்றுக்கொண்டார். இருவரும் சேர்ந்தும் சொன்னார்கள். ஆட்டக்காரர் நடிகரல்லர். நீண்ட வசனமும் முகபாவமும் அவரிடம் எதிர்பார்க்க முடியாது. ஆகவே படத்தின் பாரம் முழுவதும் ஒரே வாசகத்தின் மேல் விழுந்தது. ஓவருக்கு ஓவர் அது திரும்ப வந்தபோது, ஆங்கிலம் படிக்காத பிள்ளைகளும் டம்ளரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதை அப்படியே ஒப்பித்தார்கள். திரும்ப வருவதற்கு அந்தக் காலம் கண்ட விடை இது: கதையைச் சுருக்கி, வாசகத்தை மந்திரமாக்குவது.

1987இல் உலகக் கோப்பையே ரிலையன்ஸ் பெயரைத் தாங்கி இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் நடந்தது. ஆனால் ஒளிபரப்பு அப்போதும் அரசின் கையில்தான். தன் ஆட்டத்தைக் காட்டுவதற்குக் கிரிக்கெட் வாரியம் தூர்தர்ஷனுக்குப் பணம் கொடுக்க வேண்டிய நிலைகூட இருந்தது என்பதை இன்றைய தலைமுறை நம்பச் சிரமப்படும். 1993இல் இங்கிலாந்து அணி வந்தபோது வாரியம் உரிமையை விற்கத் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் கொல்கத்தாவில் முடிந்த ஹீரோ கோப்பையின் ஒளிபரப்பை வெளிநாட்டு நிறுவனத்துக்கு வங்காளக் கிரிக்கெட் சங்கம் கொடுத்ததால் அரசுக்கும் சங்கத்துக்கும் மூண்ட வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. அலைக்கற்றை பொதுச் சொத்து, அரசின் ஏகபோகம் அல்ல என்று 1995 பிப்ரவரி 9 அன்று தீர்ப்பு வந்தது. கருத்துரிமை வரலாற்றில் இத்தீர்ப்புக்குரிய இடத்தைச் சட்ட அறிஞர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். விளம்பர வரலாற்றிலும் அதற்குச் சமமான இடம் உண்டு. ஓவர் இடைவெளி சந்தைக்கு வந்தது அன்றுதான்.

இதற்கிடையே, 1994இல், ஓகில்வி விளம்பர நிறுவனத்தில் பியூஷ் பாண்டே தலைமையில் ஒரு கேட்பரி டெய்ரி மில்க் படம் உருவானது. தொண்ணூற்றொன்பதில் நிற்கும் ஆட்டக்காரன் பந்தைத் தூக்கி அடிக்கிறான். எல்லைக்கோட்டருகே பிடிக்கப் பார்க்கிறார்கள். பந்து தாண்டிப் போகிறது. பூப்போட்ட உடை அணிந்த பெண்ணொருத்தி காவலரை ஏய்த்துவிட்டு ஆடிக்கொண்டே மைதானத்துக்குள் ஓடுகிறாள். இந்திப் பாட்டைப் பாடியவர் சங்கர் மகாதேவன். அந்தப் பெண் ஆடும் ஆட்டத்தில் பயிற்சியின் சாயல் துளியும் இல்லை. அதனால்தான் படம் இன்றும் பழசாகவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. குழந்தைக்குரிய தின்பண்டமாக இருந்த சாக்லேட்டை வளர்ந்தவர்களும் வெட்கமின்றித் தின்னலாம் என்று சொல்வதே விற்பனை நோக்கம். அதைச் சொல்ல ஒரு வசனமும் தேவைப்படவில்லை. இந்தி தெரியாத தமிழ்நாட்டு வீட்டிலும் படம் முழுதாகப் புரிந்தது.

1996 உலகக் கோப்பை, விளம்பரம் ஆட்டத்தைவிடப் பெரிதாகப் பேசப்பட்ட முதல் போட்டி. 1977இல் இந்தியாவைவிட்டு வெளியேறிய கோக்ககோலா 1993இல் திரும்பியிருந்தது. பெப்சி அதற்கு மூன்று ஆண்டு முன்னதாகவே வந்துவிட்டது. ஒளிபரப்பு உரிமையை மார்க் மாஸ்கரேனஸின் வேர்ல்டுடெல் நிறுவனம் ஒரு கோடி டாலருக்கு வாங்கியது. அதிகாரபூர்வக் குளிர்பானம் என்ற இடம் கோக்குக்குப் போனது. தோற்ற பெப்சி, அந்தத் தோல்வியையே சரக்காக்கியது. 'நத்திங் அஃபீஷியல் அபௌட் இட்' என்ற முழக்கத்தோடு வந்த படங்களில் டெண்டுல்கரும் அசாருதீனும் நடுவர் டிக்கி பேர்டும் தோன்றினார்கள். அதிகாரபூர்வம் என்றாலே விறைப்பு, சம்பிரதாயம் என்று காட்டிவிட்டார்கள். தாராளமயத்துக்குப் பின் வந்த இளைஞர் கூட்டத்துக்கு அது உடனே பிடித்துப்போனது. கோக்கின் படத்தில் நுஸ்ரத் பதே அலி கானின் குரல் ஒலித்தது. துணைக்கண்டத்தின் கிரிக்கெட் வெறியைச் சிவப்பு நிறத்தால் கோத்த அந்தப் படத்தைக் கலை நோக்கில் நான் மேலாகவே மதிப்பேன். பேச்சில் நின்றது பெப்சியின் முழக்கம்.

பணம் கொடுத்தவருக்கு இடமும், கொடுக்காதவருக்குப் புகழும் என்ற இந்த முரண் நெடுநாள் நீடித்தது. 1998 ஏப்ரலில் ஷார்ஜாவில் நடந்த தொடருக்கு கோக்ககோலா கோப்பை என்று பெயர். ஏப்ரல் 22 அன்று 143 ஓட்டமும், இரண்டு நாள் கழித்துத் தன் 25ஆம் பிறந்தநாளில் 134 ஓட்டமும் எடுத்து அதை வென்று கொடுத்தவர் பெப்சியின் விளம்பர முகமான டெண்டுல்கர். அவர் கை மட்டையில் சென்னையைச் சேர்ந்த எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் பெயர். 1946இல் திருவொற்றியூரில் பலூன் தயாரிக்கும் கொட்டகையாகத் தொடங்கிய நிறுவனம் அது. ஓவர் இடைவெளிக்கு அது பணம் கட்டத் தேவையில்லை. நேராக அடித்த பந்து எல்லைக்குப் போகும்போதெல்லாம் மட்டையின் முகம் திரையை நிறைத்தது. தெருவில் ஆடிய பையன்கள் தங்கள் மட்டையில் அந்த மூன்றெழுத்தைப் பேனாவால் எழுதிக்கொண்டார்கள்.

இதற்கு எதிர்வினை சட்டமாகவும் ஒப்பந்தமாகவும் வந்தது. 2003 உலகக் கோப்பையை நடத்திய தென்னாப்பிரிக்கா, பதுங்கிப் பாயும் இத்தகைய விளம்பரத்தைத் தடுக்கச் சட்டங்களைத் திருத்தியது. அதிகாரபூர்வப் புரவலர்களின் போட்டி நிறுவனங்களுக்கு ஆட்டக்காரர்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்று சர்வதேசக் கிரிக்கெட் கவுன்சில் நிபந்தனை விதித்தது. 2002இல் இலங்கையில் நடந்த சாம்பியன்ஸ் கோப்பைக்கு முன்பே இந்திய ஆட்டக்காரர்கள் இதை எதிர்த்தார்கள். புரவலர் பட்டியலில் ஹீரோ ஹோண்டாவும் எல்.ஜி.யும் இருந்தன. டெண்டுல்கரோ ஓசூர் டி.வி.எஸ். விக்டரின் முகம், அணியில் பலர் சாம்சங் படங்களில் நடித்துவந்தார்கள். அந்த அதிகாரபூர்வப் பட்டியலில் இம்முறை பெப்சியும் இடம்பெற்றிருந்தது. ஏழே ஆண்டில் நிலைமை தலைகீழானது.

2009 இந்தியன் பிரீமியர் லீக்கில்தான், திரும்ப வருவது என்ற பழைய சிக்கலுக்கு முற்றிலும் புதிய விடை கிடைத்தது. பொதுத்தேர்தல் காரணமாக அந்த ஆண்டு போட்டி தென்னாப்பிரிக்காவுக்கு மாறி, ஏப்ரல் 18 முதல் மே 24 வரை நடந்தது. ஒவ்வோர் இன்னிங்ஸிலும் ஏழரை நிமிட உத்தி இடைவேளை புகுத்தப்பட்டது. பெயர் உத்தி; நடைமுறையில் விளம்பர நேரம். ஐந்து வாரத்துக்கு மேல் ஏறத்தாழ தினமும் ஆட்டம். ஒரே படத்தை ஓட்டினால் பார்ப்பவர் வெறுத்துப்போவார். வோடபோன் நிறுவனத்துக்காக ஓகில்வியின் ராஜீவ் ராவ் குழு, ஏறத்தாழ நாளுக்கொரு புதுப் படம் என்ற கணக்கில் சுமார் 30 குறும்படங்களைத் திட்டமிட்டது. முட்டைத் தலையும் பெருத்த வயிறும் கொண்ட வெள்ளைப் பொம்மைகள்: சூசூக்கள்.

பார்த்தவர் பலர் அவற்றைக் கணினி வரைகலை என்றே நினைத்தார்கள். கேப் டவுனில் உண்மையான மனிதர்களை, பெரும்பாலும் பெண்களையும் சிறுவர்களையும், திணிப்பு வைத்த வெள்ளை உடைக்குள் நுழைத்து நிர்வாணா பிலிம்ஸின் பிரகாஷ் வர்மா எடுத்த படங்கள் அவை. நொடிக்கு 24 சட்டகம் என்ற வழக்கத்தை விட்டு 20 சட்டகத்தில் எடுத்ததால் அசைவு பொம்மையசைவாக மாறியது. தலை பெரிதாகவும் அரங்கப் பொருள்கள் அதற்கேற்ற அளவிலும் இருந்ததால் உருவங்கள் சிறியவைபோலத் தெரிந்தன. சூசூக்கள் பேசுவது எந்த மொழியும் இல்லை, கீச்சொலியும் சிரிப்பும் மட்டும். கேட்பரி படம் தற்செயலாகக் கண்ட வழியை இது திட்டமிட்டுப் பிடித்தது. மதுரையிலும் மீரட்டிலும் ஒரே படம், ஒரே சிரிப்பு, மொழிமாற்றம் தேவையே இல்லை. அடுத்த இடைவெளியில் புதுக் கதை வருமா என்று காத்திருந்து பார்த்த முதல் விளம்பரத் தொடர் இதுவே என்பேன்.

அதே ஐ.பி.எல்., விளம்பரத்தை இடைவெளியிலிருந்து ஆட்டத்துக்குள்ளேயே இழுத்துவந்தது. சிக்சருக்கு ஒரு நிறுவனத்தின் பெயர், நல்ல பிடிக்கு இன்னொன்றின் பெயர், வர்ணனையாளர் வாயிலேயே. இது ரசிகருக்குச் செய்த அநீதி என்றே கருதுகிறேன். இடைவெளியில் வரும் படத்தைப் பார்ப்பதும் எழுந்துபோவதும் அவர் விருப்பம்; வர்ணனையில் கலந்ததை அவர் விலக்க முடியாது. எது விளம்பரம் என்ற கேள்வி நீதிமன்றத்துக்கும் வந்தது. முக்கிய ஆட்டங்களின் ஒளிபரப்பைத் தனியார் அலைவரிசைகள் பிரசார் பாரதியோடு விளம்பரமின்றிப் பகிர வேண்டும் என்கிறது 2007ஆம் ஆண்டுச் சட்டம். நான்கு, ஆறு, விக்கெட் அறிவிப்போடு திரையில் தோன்றும் புரவலர் சின்னங்களும் விளம்பரமே என்று 2016இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2015 உலகக் கோப்பைக்கு ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தன் ஒளிபரப்புக்கே எடுத்த 'மௌகா மௌகா' (வாய்ப்பு, வாய்ப்பு) என்ற படமும் சூசூ வழியில் வந்த தொடர்கதைதான். 1992இல் வாங்கிய பட்டாசை வெடிக்கக் காத்திருக்கும் பாகிஸ்தான் ரசிகர். மோதிய ஒவ்வோர் உலகக் கோப்பையிலும் இந்தியாவிடம் தோல்வி. பிப்ரவரி 15 அன்று அடிலெய்டில் இந்தியா வென்றதும் கதை தொடர்ந்தது. அடுத்தடுத்த எதிரணிகளின் ரசிகராக அவர் வந்துகொண்டிருந்தார். ஆட்ட முடிவைப் பார்த்துக் கதை எழுதும் வேகம் புதுமை. பாட்டு இந்தியில் இருந்தும், தலைப்புச் சொல் மட்டும் தமிழ் மீம்களில் குடியேறியது. முதல் படத்தில் அந்த ரசிகர்மீது பரிவு இருந்தது. பின்னால் வந்தவற்றில் ஏளனம் மிஞ்சியது. 2021 அக்டோபர் 24 அன்று துபாயில் பாகிஸ்தான் இந்தியாவைப் பத்து விக்கெட் வித்தியாசத்தில் வென்றபோது கேலி திரும்பி வந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் கேட்பரி தன் பழைய படத்தைப் பாத்திரம் மாற்றி எடுத்திருந்தது: மட்டை பெண்ணின் கையில், மைதானத்துக்குள் ஆடி ஓடுபவன் ஆண். மகளிர் கிரிக்கெட்டுக்குக் கூட்டம் சேரத் தொடங்கியிருந்த நேரத்தில் வந்த அந்தப் படம், 27 ஆண்டு இடைவெளியைத் தாண்டிப் பழைய ரசிகரையும் புதியவரையும் ஒருசேரத் தொட்டது.

மொழியைத் தவிர்த்தே பிழைத்த விளம்பரம் மொழியைத் தேடி வந்தது இதற்கிடையில்தான். 2017இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் 1 தமிழ் தொடங்கியது. தமிழ் வர்ணனைக்கென்று முழுநேர அலைவரிசை இருந்தால் அதன் இடைவெளியைத் தமிழகச் சந்தைக்கென்றே தனியாக விற்கலாம். நாடு முழுவதற்கும் ஒரே படம் என்ற கட்டாயம் தளர்ந்தது.

2023 முதல் 2027 வரையிலான ஐ.பி.எல். உரிமையை வாரியம் தொலைக்காட்சிக்கும் இணையத்துக்கும் பிரித்து விற்றபோது, தொலைக்காட்சிக்கு 23,575 கோடி ரூபாயும், இணையத்துக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாக 23,758 கோடியும் கிடைத்தன. கைப்பேசியில் பார்ப்பவரின் ஊர், மொழி, கருவி ஆகியவற்றைப் பொறுத்து ஒரே ஓவரின் முடிவில் வெவ்வேறு விளம்பரத்தை அனுப்ப இணையத்தால் முடியும். பெப்சி முழக்கமும் சூசூக்களும் பள்ளி வாசல்களில் மறுநாள் பேசப்பட்டதற்கு, எல்லா வீடுகளும் முந்தின இரவு ஒன்றையே பார்த்திருந்தது காரணம். 2009 வரையிலான ஆய்வுக்கு ஒரு நாடாப்பதிவு போதும். 2023க்குப் பிந்திய ஆய்வாளர் ஒரே ஆட்டத்துக்கு, ஒரே தெருவில், பல பதிவுகளைச் சேகரிக்க வேண்டியிருக்கும்.