கழுதை வாத்தியார் பிறந்த கதை

1792இல் மாட்ரிட்டின் சான் பெர்னாண்டோ கலைக்கழகம், ஓவியம் கற்பிக்கும் முறை பற்றித் தன் உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்டது. அரண்மனை ஓவியர் பிரான்சிஸ்கோ கோயா எழுதிக் கொடுத்த பதில் துணிச்சலானது. ஓவியத்துக்கு விதிகளே கிடையாது, எல்லா மாணவர்களையும் ஒரே தடத்தில் இழுத்துச் செல்வது அவர்களைக் கெடுத்துவிடும் என்றார். சில மாதங்களுக்குள் அவரைக் கடும் நோய் வீழ்த்தியது.

காதிஸ் நகரில் நண்பர் வீட்டில் கிடந்து உயிர் பிழைத்தார். கேட்கும் திறன் மட்டும் திரும்பவில்லை. 1795இல் கழகத்தின் ஓவியப் பிரிவுக்கு இயக்குநரானார்; மாணவர்கள் பேசுவது கேட்காததால் 1797இல் அந்தப் பதவியையும் விட்டார். பாடம் சொல்ல முடியாமல் போனவர், செப்புத் தகட்டில் வேறொரு வாத்தியாரைக் கீறத் தொடங்கினார்.

அமிலம் அரித்த கோடுகள் மட்டும் அவருக்குப் போதவில்லை, இருட்டு வேண்டியிருந்தது. பிரான்சில் சில பத்தாண்டுகளுக்கு முன் உருவான அக்வாடின்ட் முறை கைகொடுத்தது. தகட்டின்மேல் பிசின் தூளைத் தூவிச் சூடாக்கினால் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். அவற்றின் இடுக்குகளை அமிலம் அரிக்கும். அச்சில் அது நிழலாகப் படியும். அந்த நிழலிலிருந்து பூச்சாண்டி காட்டிப் பிள்ளைகளை மிரட்டும் தாய் வந்தாள். மனிதர் முதுகில் சவாரி செய்யும் கழுதைகள் வந்தன. 37ஆம் தகட்டில் அங்கி போட்ட கழுதை வாத்தியார் வந்தார். குட்டிக் கழுதைக்கு அவர் புத்தகத்தின் முதல் எழுத்தைக் காட்டுகிறார். சீடனுக்குத்தான் அதிகம் தெரியுமோ என்று கேட்கிறது அடிக்குறிப்பு. என்னை வருத்துவது அந்தக் குட்டிதான். கற்க வந்திருக்கிறது, கற்றுத் தர அங்கே ஆள் இல்லை. இப்படிப்பட்ட படங்களை விலைக்கு வாங்க யார் வருவார்கள்?

1799 பிப்ரவரி 6இல் மாட்ரிட் நாளிதழில் விளம்பரம் வந்தது. ‘லோஸ் கப்ரிச்சோஸ்’ என்ற தொகுப்பு: 80 படங்கள், 320 ரியால், ஓர் அவுன்ஸ் பொன்னின் விலை. விற்ற இடம், தெசெங்காஞோ தெருவில் அத்தரும் மதுவும் விற்கும் கடை. தனிமனிதர் யாரையும் சாடவில்லை என்று விளம்பரம் உறுதி சொன்னது. பார்த்தவர்களோ உருவங்களுக்குப் பெயர் வைத்தார்கள். வம்சாவளி ஏட்டைப் புரட்டும் கழுதை, முன்னாள் முதலமைச்சர் கொதோய்தான் என்று எழுதியே வைத்தார்கள். ஏறக்குறைய 300 தொகுதிகளில் விற்றவை 27. சீக்கிரமே விற்பனை நின்றது. சமய விசாரணை மன்றத்திடம் தன்மேல் புகார் போனதாகப் பின்னாளில் கோயாவே எழுதினார்.

1803இல் அவர் எதிர்பாராத வாசலைத் தட்டினார். 80 தகடுகளையும் விற்காத 240 தொகுதிகளையும் மன்னர் நான்காம் கார்லோஸிடமே ஒப்படைத்தார். மகன் ஹவியருக்கு ஆண்டுக்கு 12,000 ரியால் உதவித்தொகை கிடைத்தது. தகடுகள் அரச அச்சகத்துக்குள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன.

கோயா இறந்த பிறகு அந்த அச்சகமே அவற்றைத் திரும்பத் திரும்ப அச்சிட்டது. 1937 வரை பதிப்புகள் வந்தன. மேசைமேல் கவிழ்ந்து உறங்கும் மனிதனும் தலைக்குமேல் ஆந்தைகளும் வௌவால்களுமாக இன்று எத்தனையோ புத்தக அட்டைகளில் தென்படும் படம், அதே ‘லோஸ் கப்ரிச்சோஸ்’ தொகுப்பின் 43ஆம் தகடு. கழுதை வாத்தியாருக்கு ஆறு தகடுகள் தள்ளி வருகிறது.